சுவரைத் தாண்டிய முட்டை

புதிதாகக் கோழி வளர்க்க ஆசைப்பட்ட ஒருவரின் கொல்லையில் கருப்பி, புள்ளிச்சி என்ற இரண்டு கோழிகள் குடிவந்தன. அந்த ஊரில் அதற்குச் சட்டம் இருந்தது. சேவல் வைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டார் புகார் சொன்னால் கூண்டையே எடுத்துவிட வேண்டும்.

அதனால் வீட்டுக்காரர் கிடைத்த முட்டையில் பாதியைச் சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவந்தார். அந்த வீட்டுப் பூனை அடிக்கடி சுவரில் வந்து உட்காரும்.

"நீங்க கொக்கரிக்கிறதைக் கேட்டாத்தான் எங்க வீட்டம்மாவுக்கு மனசு நிறையுதாம்," என்று ஒருநாள் சொன்னது.

மழைக்காலத்தில் கோழிகள் இறகு உதிர்த்தன. முட்டை நின்றுபோனது.

"வீட்டம்மாவுக்கு ஒரே தலைவலி. கோழி நாத்தம் தாங்கலையாம். நாளைக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கப் போறாங்க," என்றது பூனை.

கருப்பி பதறிப்போனது. கொக்கரிப்பதை நிறுத்திக்கொண்டு, கூண்டிலிருந்த எச்சத்தையெல்லாம் காலால் சீய்த்துச் சுவரோரமாகத் தள்ளியது. புது இறகு முளைத்துவந்த புள்ளிச்சியோ வைக்கோலில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உட்காருற நேரமாடி இது?" என்று கருப்பி திட்டியது.

சாயங்காலம் புள்ளிச்சி ஒரு சின்ன முட்டை இட்டது. வீட்டுக்காரர் அதைத் துடைத்துச் சுவருக்கு மேலாக நீட்டினார். எச்சம் சுவரடியில் அப்படியே குவிந்து கிடந்தது.

சற்று நேரத்தில் பூனை வந்தது.

"நாளைக்குப் போகலையாம்," என்றது. "காத்து திசை மாறிடுச்சாம்."