செம்பாசியின் மிச்சம்

நர்ஸ் ஒரு கேப்சூலைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மலேரியா. நேற்றிலிருந்து டிரிப்ஸில் கொயினா மருந்து ஏறுகிறது, காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்று தங்கை காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கேப்சூல் இன்றுதான் புதிது.

"இது என்ன மாத்திரைடா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

என் படிப்புக்குப் பக்கத்தில் வருகிற ஒரு கேள்வியை அம்மா என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினான்கு வருடமாக நான் செம்பாசிகளை ஆராய்கிறேன். வீட்டில் எனக்குப் பெயரே பாசி. யாராவது விசாரித்தால் அம்மா 'காலேஜ்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

விடுவேனா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்தக் காய்ச்சல் கிருமி இருக்கே, அதுக்குள்ள ஒரு பாசி இருக்கும்மா."

"உனக்கு எதைப் பார்த்தாலும் பாசிதான்."

எத்தனையோ கோடி வருடங்களுக்கு முன்னால் ஓர் உயிரணு, வெயிலில் சமைக்கத் தெரிந்த ஒரு நுண்ணுயிரை விழுங்கியது. விழுங்கியதைச் செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அந்த வம்சத்தில் வந்ததுதான் செம்பாசி. பிறகு வேறோர் உயிரணு வந்து அந்தச் செம்பாசியை விழுங்கியது. அதுவும் செரிக்கவில்லை. மலேரியாக் கிருமி அந்த வழியில் வந்தது. இன்று அது நம் ரத்தத்தில், வெயிலே படாத இடத்தில் வாழ்கிறது. உள்ளே இருக்கும் பாசி நிறம் போய், சுருங்கி, ஒரு பொட்டாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பொட்டு இல்லாமல் கிருமிக்கு வாழ்வில்லை. இந்தக் கேப்சூல் அடிப்பது அந்தப் பொட்டைத்தான்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைதான் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

கேட்க ஆள் இருக்கிறது என்றதும் எனக்கு வேகம் வந்துவிட்டது.

"இதுல வேடிக்கை என்னன்னா, மருந்து பட்ட உடனே கிருமி சாகாது. ஜம்முனு இருக்கும். அதுக்குப் பொறக்கிற குட்டிங்கதான் பிழைக்காது. தாயை விட்டுட்டுக் குழந்தையத்தான் தாக்கும்!"

நானே சிரித்துக்கொண்டேன்.

தங்கை கேப்சூலை வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கும் இதே காய்ச்சல்தானே?" என்றாள் அம்மா. "அவளுக்கு மட்டும் வேற மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க?"

எட்டிப் பார்த்தேன். அதுவும் அதே பொட்டை அடிக்கிற இன்னொரு மருந்துதான். பெரும்பாலும் எல்லோருக்கும் அந்த மருந்தைத்தான் கொடுப்பார்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

என் தங்கைக்கு முப்பத்தொரு வயது.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தேன். டாக்டரின் கிறுக்கலில் இருந்தது: ஒன்பது வாரம்.

ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்திருக்கிறது. இரண்டு தடவையும் அம்மா சந்தோஷத்தில் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு 'இல்லை' என்று அழுதாள். அதனால் இந்தத் தடவை தங்கையும் மாப்பிள்ளையும் மூச்சுவிடவில்லை. காலையில் எடுத்த ஸ்கேன்கூட மண்ணீரலுக்கு என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியூர் வேலையிலிருந்து மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை.

அட்டையைக் கடைசி வரை படித்துவிட்டு இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

"அம்மா, கீழ கேன்டீன்ல கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வாயேன்."

"உனக்குக் கால் இல்லையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள்.

"கையைக் காட்டு" என்றேன் தங்கையிடம்.

காட்டவில்லை. விரல்களைப் பிரித்தேன். எச்சிலில் ஊறிய கேப்சூல் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீதானேண்ணா சொன்னே. குழந்தையத்தான் தாக்கும்னு."

பதினான்கு வருடத்தில் ஒருவரும் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"ஐயோ, அது கிருமியோட குட்டிம்மா. மனுஷக் குழந்தைக்குள்ள ஏது பாசி? இது போய் அடிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே கிடையாது. உன்னைப் பார்த்துத்தான் இதை எழுதியிருக்காங்க. சாப்பிடலைன்னா காய்ச்சல் திரும்ப ஏறும். உன் உயிருக்கே ஆபத்து."

"என்னைப் பத்தி இருக்கட்டும். இதுக்கு?" வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். "சத்தியமா ஒண்ணும் ஆகாதே?"

"இந்த மருந்தால ஒண்ணும் ஆகாது. சத்தியமா."

நர்ஸிடம் கீழே விழுந்துவிட்டது என்று பொய் சொல்லி வேறொரு கேப்சூல் வாங்கி வந்தேன். வாங்கிப் போட்டு விழுங்கினாள். நம்பு என்பது போல் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.

"அம்மாகிட்ட இப்போ சொல்லிடாதே. மூணு மாசம் தாண்டட்டும்" என்றாள். பிறகு, மூன்று நாளில் முதல் தடவையாக, சிரித்தாள். "உன்னைப் பாசி மாமான்னுதான் கூப்பிடச் சொல்லுவேன்."

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் தூங்கியதும் வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒன்பது வாரம் என்ற வரிக்குக் கீழே, காலையில் ஸ்கேன் எடுத்தவர் தெளிவான கையெழுத்தில் இன்னொரு வரி எழுதியிருந்தார்.

இதயத் துடிப்பு தெரியவில்லை. நோயாளியிடம் சொல்லும் முன் நாளை மறுபடியும் பார்க்கவும்.