எதிர்வீட்டுக் கிண்ணம்

“‘ஒரு விநாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன், ஒரு விநாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்!’ இதைத் தவிர வேறு பேச்சே தெரியாதா உனக்கு?” என்று சமையல் மேடையில் இருந்த எவர்சில்வர் கிண்ணம் செல்போனைப் பார்த்துச் சீறியது.

கிண்ணம் எதிர்வீட்டுச் சொத்து. அடியில் ‘ஃபிலோமினா’ என்று பெயரே வெட்டியிருக்கும். கடைசியாக நாலு மாதத்துக்கு முன் பாயசத்தோடு வத்சலா வீட்டுக்கு வந்தது. “பாயசமா, சர்க்கரை ஆலையா?” என்று வத்சலா செல்போனில் எழுதி அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கதவைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை.

“முன்பெல்லாம் வத்சலா இதையே வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஃபிலோமினா முதுகில் ஒன்று வைப்பாள். ‘கிளம்பறேன்டி’ என்று சொன்ன பிறகும் அரைமணி நேரம் நிற்பார்கள். நான் முறுக்கோடு கையில் காத்திருப்பேன். நீ வத்சலாவின் வார்த்தையைக் கொண்டுபோனாயே, அவள் சிரிப்பைக் கொண்டுபோனாயா?”

“அதற்குத்தான் மஞ்சள் மூஞ்சி வைத்திருக்கிறேன். அவள் போடவில்லை, நான் என்ன செய்ய?”

இன்று காலையும் வத்சலா கிண்ணத்தில் அதிரசம் வைத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள். வந்ததும் செல்போனைத் திறந்து ஃபிலோமினாவின் பெயரையே பார்த்தாள். பிறகு அப்படியே வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

அந்தப் பெயருக்குக் கீழே ‘டைப் செய்கிறார்’ என்று வந்தது. வந்த வேகத்தில் மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது.

கிண்ணம் குரலைத் தாழ்த்தியது. “நீயாகவே ஒரு தடவை அவளுக்கு மணியடித்துவிடேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று இவள் சொல்லிக்கொள்வாள்.”

செல்போனின் திரை அணைந்தது.