சத்தியத்துக்கு ஓர் ஆள்

ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, தன் பங்காளியைக் கொன்றுவிடுவது என்று பஞ்சாட்சரம் முடிவு செய்தார். வேறு வழி தெரியவில்லை. டீ ஆறுவதற்குள் ஆளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது: ராஜவேலு, கணியம்பாடி, திடீர் மாரடைப்பு.

அப்படி ஒரு பங்காளி அவருக்குப் பிறந்ததே இல்லை. ஆனால் பங்காளி செத்தால்தான் தீட்டு வரும். தீட்டு இருந்தால்தான் மலைமேல் இருக்கும் வேடியப்பன் சாமிக்கு முன்னால் அவர் போய் நிற்க வேண்டியிராது.

எல்லாம் ஒரு புளியமரத்தால் வந்தது. நெல்லிவாசல்நாட்டுக் கெங்கம்மாளின் மரங்களில் புளி உலுக்கிக்கொள்ள மட்டும் குத்தகை எடுத்த பஞ்சாட்சரம், வைரம் பாய்ந்த ஒரு மரத்தை அடியோடு அறுத்து, கறிக்கடைகளுக்கு வெட்டுக் கட்டையாக விற்றுவிட்டார். கேட்டதற்கு, காற்றில் சாய்ந்தது என்றார். அப்படியானால் வேடியப்பன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும், இல்லாவிட்டால் இந்த மலையில் இனி ஒரு புளியங்காயும் அவருக்குக் கிடையாது என்றது ஊர். அந்தப் புளியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

பொய்ச் சத்தியம் அவருக்குப் புதிதல்ல. வேலூர் கோர்ட்டில் பண்ணியிருக்கிறார். ஆனால் வேடியப்பன் கோர்ட் வேறு மாதிரி. ஆடு திருடிவிட்டு அங்கே பொய் சொன்ன ஒருவனுக்கு வாய் கோணிக்கொண்டே போய்க் காதோரம் நின்றுவிட்டது. இப்போது அவன் பீடி பிடித்தால் கிருதா கருகுகிறது.

அதனால்தான் குப்பனைப் பிடித்தார். எமர்ஜென்சி முடிந்தும் ரேஷன் கடை வரிசை முடியாத காலம் அது. பிறருக்காக வரிசையில் நிற்பதும், சாவு வீட்டில் பிறருக்காக அழுவதும் குப்பனுடைய தொழில்.

ஜீப் மலையேறும்போது குப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “பொய்யின்னு தெரிஞ்சா சாமி யாரப் புடிக்கும், மொதலாளி?”

“உன்னத்தான். இது கான்ட்ராக்ட்டு. வேலையும் உன்னுது, வர்ற வில்லங்கமும் உன்னுது. கெணறு வெட்டச் சொன்னவன் மேலயா மண்ணு சரியும்? வெட்டறவன் மேலதான சரியும்?”

குப்பன் தன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “கோணிச்சின்னா அதுக்குத் தனி ரேட்டுங்க.”

“சரி, சரி. அங்க இன்னா சொல்லுவ, இன்னொரு தபா சொல்லு.”

ஒவ்வொரு வளைவிலும் சொல்லச் சொன்னார். பக்கத்தில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஊர் காத்துக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஊர்க்கவுண்டர் சின்னராசுவிடம் ராஜவேலுவின் சாவைச் சொன்னார். சொல்லி முடித்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தீட்டோட சாமிகிட்ட வரக்கூடாதுங்களே கவுண்டரே. அதான் எனக்குப் பதிலா இவன இட்டாந்தேன். கோர்ட்டுல வக்கீலு பேசினா கட்சிக்காரன் பேசினா மாதிரிதான? இவன் சொன்னா நான் சொன்னா மாதிரி.”

ஜீப்பில் கேட்ட சட்டம் வேறாயிற்றே என்று குப்பன் திரும்பிப் பார்த்தான். பஞ்சாட்சரம் மலையைப் பார்த்தார்.

கெங்கம்மாள் கவுண்டரின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு, “பங்காளிய வாரிக் குடுத்த மனுசன், பாவம். வந்த ஆளே பண்ணட்டும். கொஞ்சம் இருங்க சாவுகாரு, சாமிய ரெடி பண்றோம்” என்று நான்கு பேரோடு போனாள்.

இவ்வளவு சுலபமாகவா? பஞ்சாட்சரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. துண்டை உதறினார், தோளில் போட்டார், மறுபடி உதறினார்.

கூப்பிட்டார்கள். மாமரத்தடியில் மஞ்சள் பூசி, பூ வைத்த ஒரு கல். அவர் தீட்டுக்காரராய்த் தள்ளியே நின்றார். வேடியப்பன் எங்கே இருக்கிறார் என்றுகூட அதுவரை அவர் விசாரித்ததில்லை. இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாமல் கல் வழவழவென்று இருந்தது. சாமியை என்ன சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“மரம் காத்துலதான் சாஞ்சிது. எங்க மொதலாளி வெட்டல” என்று சொல்லி, குப்பன் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தான்.

பஞ்சாட்சரம் அவசரமாகத் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். இருந்த இடத்தில் இருந்தது. குப்பன் வாயைப் பார்த்தார். அவன் படையல் பழத்தைத் தின்றுகொண்டிருந்தான். பழம் நேராகத்தான் உள்ளே போனது.

“அப்போ முடிஞ்சிதுங்களா? இவன் பண்ண சத்தியம் செல்லும்தான?” என்று கவுண்டரிடம் கேட்டார்.

“தாராளமா செல்லும்” என்றார் கவுண்டர். சிரிக்கவில்லை.

கெங்கம்மாள் முந்தானையால் கல்லின் மஞ்சளைத் துடைத்துவிட்டுக் கை காட்டினாள். நான்கு பேர் கல்லைப் பெயர்த்துத் தோளுக்குத் தூக்கினார்கள்.

பஞ்சாட்சரம் பதறிப்போனார். “ஐயையோ, இன்னாம்மா இது? சாமிய எங்க தூக்கினு போறாங்க?”

“எங்க வூட்டுக்குத்தாங்க. துணி தொவைக்கிற கல்லு அது. வேடியப்பன் அதோ அந்த உச்சியில கீறாரு. தீட்டு கழிஞ்சதும் வாங்க, நேர்லயே பேசிக்கலாம்.”

“அப்ப இவ்ளோ நேரம் பண்ணதெல்லாம்?”

“நீங்க ஆள அனுப்புனீங்க, அவரும் ஆள அனுப்புனாரு.”