பறவை பார்க்கும் படலம்

"ஏளா பிளாரன்ஸ், பறவை பாக்கப் போறதுக்கு இந்தச் சேலையா? அந்தப் பச்சைப் பட்டை எடுத்துக் கெட்டு!" என்றாள் அமலோற்பவம் அத்தை.

பிளாரன்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத அத்தை, பூசை முடிந்து வந்ததும் வராததுமாக, "பூங்காவுக்குப் பறவை பாக்கப் போவோம்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்பா இனிகோ உடனே பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல். கரைக்கு வந்தால், உலக யுத்தம் முடிந்தபோது ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய அந்த பைனாகுலரும் பறவைகளும்தான் அவருக்கு உலகம்.

சேலை கட்டும்போதுதான் பிளாரன்ஸுக்கு உறைத்தது. பெண் பார்க்க வருகிறார்கள்! வந்த வரன்களையெல்லாம் அவள் தட்டிக் கழித்ததால், சொல்லாமல் கூட்டிப் போகிறாள் அத்தை. அம்மா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. தானும் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால், கடலிலிருந்து திரும்பும் அப்பா பூட்டிய வீட்டுக்கல்லவா வருவார்?

பூங்காவில் பூவரச மரத்தடியில் வெள்ளைச் சட்டை வாலிபன் ஒருவனும், நாற்பதை நெருங்கும் அவனுடைய அக்காளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அட, கிளாட்வினா! லூர்தம்மாளும் வந்திருக்கியா! பெரியதாழையிலேருந்து எப்ப வந்தீய?" என்று அத்தை ஆச்சரியப்பட்டது நாடகம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

பிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கிளாட்வின் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் போனான்.

"அண்ணாச்சி, அந்தச் செவப்பு றெக்கை என்னது?"

"செம்போத்துலா அது! சத்தம் போடாதிய தம்பி, பறந்திரும்."

அது பறந்தே போய்விட்டது. அப்பாவோ அந்த வெறும் புதரையே பைனாகுலரில் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன ஆயிற்று?

லூர்தம்மாள் பிளாரன்ஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பாவுக்குக் கோவம் வருமோ?"

"வராது."

"கொழம்புல உப்பு கூடிட்டா?"

"கூடக் கொஞ்சம் சோறு போட்டுக்கிடுவாங்க."

"தண்ணி கிண்ணி போடுவாங்களா?"

"வாடைகூடப் பிடிக்காது."

பிளாரன்ஸுக்குத் தலை சுற்றியது. மாப்பிள்ளையின் அக்காள் கேட்க வேண்டியது இவளுடைய சமையலை, தையலை, கோவில் பாட்டை அல்லவா? சம்பந்தி ஆகப்போகிறவரின் உப்புக் கணக்கு எதற்கு? தூரத்தில் அத்தை ஒரு மைனாவைக் காட்டி, "மீன்கொத்தி, மீன்கொத்தி" என்று கூவியபடியே இந்தப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல் தாங்காது என்று பிளாரன்ஸ் உடைத்துப் பேசினாள்.

"அக்கா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எனக்குக் கல்யாணம் வேண்டாம். அப்பாவ ஒத்தையில விட்டுட்டு நான் எங்கயும் போமாட்டேன். ஒங்க தம்பிகிட்டச் சொல்லிருங்க."

லூர்தம்மாள் திகைத்துப் போனாள். பிறகு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"கிளாட்வினுக்கு ரெண்டு புள்ளைக இருக்கே, மக்ளே!"

"பின்ன... அப்பாவப் பத்தி எதுக்கு இவ்வளவு கேட்டிய? யாருக்கு மாப்பிள்ளை பாக்கிய?"

லூர்தம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். அவள் முகம் சிவந்தது. வெறும் புதரைப் பார்த்துக்கொண்டிருந்த இனிகோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிளாரன்ஸின் கையை மெல்லப் பற்றினாள்.

"எனக்குத்தான். மக சம்மதிச்சாத்தான் தாலின்னு ஒங்கப்பா சொல்லிட்டாங்களாம். என்னை அக்கான்னு கூப்பிட்டியே, சித்தின்னு கூப்பிடுவியா?"