யார் அந்தப் பொஷுமொதி?

"எல்லாரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய புத்தகம் எதும்மா?" விளையாட்டாகத்தான் கேட்டாள் மதுவந்தி.

"நீ எழுதியிருக்கியே, அதுதான்!" என்றாள் அம்மா. பெங்காலிகள் நிறைந்த லேக் கார்டன்ஸில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மாஷிமா, அதாவது பெரியம்மா.

"அது பெங்காலியாச்சே! உனக்குப் பேசத்தானே தெரியும்?"

"பக்கத்தாத்துக் குழந்தையோட உட்கார்ந்து மூணு மாசமா எழுத்துக் கத்துண்டாச்சு. கொண்டா இப்படி!"

முதல் பக்கத்தில் சமர்ப்பணம். ஒரே ஒரு பெயர். மாஷிமா விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"பொ... ஷு... மொ... தி." முகம் சுருங்கிவிட்டது. "யாருடி இந்தப் பொஷுமொதி? பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், புத்தகம் எவளுக்கோவா?"

மதுவந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "பெங்காலியில 'வ' கிடையாதும்மா, 'ப'தான்; 'அ' 'ஒ' ஆயிடும், 'சு' 'ஷு' ஆயிடும். உன் பேரை எழுதிப் பார்த்ததே இல்லையா?"

"முப்பது வருஷமா இங்கே என்னை யாருடி பேர் சொல்லிக் கூப்..."

பாதியில் நிறுத்தினாள். மறுபடி விரலை வைத்தாள்.

"வ... சு... ம... தி!"

அடுத்த நிமிஷம் பால்கனியில் நின்று அந்தப் பெயரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கீ ஹோலோ, மாஷிமா?" என்ன ஆச்சு என்று பதறினாள் எதிர்வீட்டுக்காரி.

"மாஷிமா இல்லே... பொஷுமொதி!"