இரண்டு விரல் இடம்

ஜெபக்கனி தானே பூட்டும் தன் முதல் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள். அளவை மட்டும் பார்க்கவில்லை. புது கிராபிக்ஸ் கார்டு உள்ளே போக கேபினெட்டில் இரண்டு விரல் இடம் போதவில்லை.

"எனக்கேத்த வீடு இது இல்ல. திருப்பி அனுப்பச் சொல்லு," என்று கார்டு முறுக்கிக்கொண்டது.

அதை மறித்து நின்றது, ஹார்டு டிஸ்க் வைக்கும் தகரத் தட்டு. "கோவிச்சுக்காதீங்கண்ணே. இப்பல்லாம் டிஸ்க் விரல் நீளத்துக்கு வந்து மதர்போர்டுலயே உக்காந்துக்குது. நான் சும்மாதான் இருக்கேன். என்னைக் கழட்டினா நீங்க உள்ள வந்துடலாம்."

"நீ எங்க போவ?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

ஜெபக்கனிக்கும் அதே யோசனை வந்தது. ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டை வெளியே வைத்தாள். கார்டு ஜம்மென்று உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அதன் கனத்துக்கு ஒரு முனை தொங்கத் தொடங்கியது.

"ஐயோ, என் முதுகு!"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்குக் கிடைத்த தகரத் தட்டையே எடுத்து, செங்குத்தாக அடியில் நிறுத்தினாள். இம்முறையும் அவள் அளவெடுக்கவில்லை. ஆனாலும் சரியாக நின்றது.

கார்டு குனிந்து பார்த்தது. "நீயா?"

"நான்தாண்ணே. நல்லா சாஞ்சுக்குங்க, ஆன் பண்ணப் போறாங்க."