ஏழாம் எண் ட்ரோன்

நகரசபை உறுப்பினர் லுபோமிர் செவரினோவிச் சரியாக என் ட்ரோனைத்தான் கையில் எடுத்தார்.

மேசையில் பன்னிரண்டு இருந்தன. அவற்றில் பதினொன்று, கை தேர்ந்தவர்கள் செய்தவை. பன்னிரண்டாவது என்னுடையது. நான்கு மாதமாகச் செய்து, பிரித்து, மறுபடி செய்து, அன்று காலைதான் ரொமானாவின் வாயிலிருந்து "சரி" என்ற சொல்லை வாங்கிய முதல் ட்ரோன்.

"ஏம்மா ரொமானா, இதுல ஒரு கம்பிய நானே என் கையால பத்தவைக்கிறேன்," என்றார் அவர்.

கூட வந்த படக்காரர் காமிராவைத் தூக்கினார்.

ஒரு மணிக்கு ட்ரோன் பெட்டியை எடுத்துப்போக வேன் வரும். அப்போது பன்னிரண்டே கால்.

அது ரொமானாவின் நெயில் பார்லர். செர்காசி நகரில் ஒரு அடுக்குமாடியின் அடித்தளம். பாதிக் கடையில் இப்போதும் நகம், மீதிப் பாதியில் ட்ரோன். நகத்தூளை இழுக்க வாங்கிய விசிறி, கம்பி பற்றவைக்கும் சால்டரின் புகையை இழுக்கிறது. திருகாணிகள் அதிர்ந்து கழலாமல் இருக்க நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. ஆளுக்கு ஒரு நிறம். எது பழுதாகித் திரும்பி வந்தாலும், நிறத்தைப் பார்த்து யார் கை என்று சொல்லிவிடலாம்.

என் நிறம் இளஞ்சிவப்பு, மினுமினுப்போடு. கௌரவமான நிறங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பெட்டி போவது ரொமானாவின் கணவன் உஸ்திமின் படைப்பிரிவுக்கு. அங்கே வயிற்றில் வெடிமருந்தைக் கட்டித்தான் ட்ரோனைக் கிளப்புவார்கள். ஒரு கம்பியின் பற்றவைப்பு விட்டுப்போனால் கிளம்பிய இடத்திலேயே விழும். அந்த இடத்தில் உஸ்திம் நிற்பான்.

லுபோமிர் செவரினோவிச் முதலில் உரையாற்றினார். "எஃகு நரம்பு கொண்ட நம் பெண்கள்" என்று தொடங்கும்போது வான்தாக்குதல் சைரன் ஊதியது. நாங்கள் இருப்பதே அடித்தளம் என்பதால் யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. உரையிடமிருந்தும் ஓட முடியவில்லை.

எஃகு நரம்புகள் நான்கும் தலை நிமிராமல் வேலையைப் பார்த்தன.

பிறகு என் ட்ரோனை மறுபடி தூக்கினார். ஒரு கம்பியைக் கழற்றினால் முழுப் பரிசோதனையும் முதலிலிருந்து. வேன் காத்திருக்காது.

ரொமானா அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அது சின்ன வேலைங்க, லுபோமிர் செவரினோவிச். உங்கள மாதிரி ஆளுக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

கீழ் இழுப்பறையிலிருந்து ஏழாம் எண்ணை எடுத்து வைத்தாள். பூப்போட்ட ஏப்ரனை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தாள்.

அவர் பற்றவைத்தார். படக்காரர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு முறையும் பற்றவைத்தார். பின் மார்க்கர் கேட்டு வாங்கி, ட்ரோனின் நான்கு கைகளில் ஒன்றில் தன் பெயரையும் பதவிகளையும் எழுதினார். ஒரு கை போதவில்லை. அடுத்த கையிலும் எழுதினார்.

"இது இன்னிக்கே போர்முனைக்குப் போயிரும்ல?"

"அது செய்யவேண்டிய வேலைய இப்பவே செஞ்சுக்கிட்டுதாங்க இருக்கு," என்றாள் ரொமானா.

அவர் நெகிழ்ந்துபோனார். பாராட்டுப் பத்திரம் ஒன்றையும் கேக் ஒன்றையும் வைத்துவிட்டு, பன்னிரண்டு நாற்பதுக்குப் படியேறினார்.

கதவு மூடியதும், முன்பு ரொட்டிக்கடை நடத்திய தெக்லியா எட்டிப் பார்த்தாள். "சால்டர் வச்சிருக்காரா, கொழுக்கட்டை புடிச்சிருக்காரா?"

ரொமானா ஏழாம் எண்ணைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தச் சால்டர் கட்டியைச் சூடாக்கி உறிஞ்சி எடுத்தாள். பஞ்சில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைத் தொட்டுத் துடைத்தாள். பதவிகள் ஒவ்வொன்றாகப் போயின. இதே பஞ்சில் இதற்கு முன் இரண்டு மேயர்கள், ஒரு பாடகர், ஒரு ஆயர் போயிருக்கிறார்கள். ஏழாம் எண் இந்த அடித்தளத்தைத் தாண்டியதே இல்லை. நல்ல ட்ரோன்களைப் பெரிய மனிதர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க சிரிக்காதீங்க," என்றாள் ரொமானா. "இவராவது கெளம்பிப் போயிட்டார்."

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

ஏழாம் எண்ணில் ஒரு பெயர் மட்டும் எந்தப் பஞ்சுக்கும் போவதில்லை. மார்க்கர் அழிந்துவிடும் என்று யோசித்த அந்த ஆள், நகம் தேய்க்கும் கருவியைக் கேட்டு வாங்கிச் செதுக்கியிருந்தார். அதோடு நிற்காமல், மூன்று வாரம் தினமும் வந்து, தன் ட்ரோன் பறந்ததா என்று கேட்டார். இருபத்திரண்டாம் நாள் ரொமானா இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அவர் குனிந்து தன் செதுக்கலை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு, உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ரொமானா என் ட்ரோனின் கம்பிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. பெட்டியில் உஸ்திமுக்கான கம்பளிக் காலுறைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

ஏழாம் எண்ணை இழுப்பறைக்குள் தள்ளும்போது விளக்கொளியில் அந்தச் செதுக்கல் ஒரு கணம் மின்னியது: 'பேராசிரியர் முனைவர் வலேரியன் ஹ்ருஷ்கோ, மின்னணுவியல் துறைத் தலைவர்.'

பெட்டிக்குள் போன பன்னிரண்டாவதில் என் பெயரை நான் எங்கும் செதுக்கவில்லை. இளஞ்சிவப்பில் நான்கு சொட்டு, மினுமினுப்போடு.